பக்கத்து ஊரு எருசலேம்

எங்க ஊரு விழிதியூர். இதை பெங்களூர்ல யார்கிட்ட சொன்னாலும் "எங்க இருக்கு?"ன்னு கேப்பாங்க. காரைக்கால் பக்கம்னு சொன்னா, "ஓ, காரைக்குடியா? செட்டிநாடு சிக்கன்!" என்பார்கள். இல்லைங்க, காரைக்கால், பாண்டிச்சேரி ஸ்டேட் என்றால் போதும், உடனே கண்ணு விரியும். "மச்சி, வரும்போது ரெண்டு பாட்டில்..." ஊரோட முன்னூறு வருஷ வரலாறு அத்தோட முடிஞ்சுது.

ஆனா போன வருஷம் ஒரு ஆச்சரியம் நடந்தது. ஆபீஸ்ல ஆறு மாசம் ஜெர்மனிக்கு அனுப்பினாங்க. லைப்சிக் நகரம். முதல் நாள் மதியச் சாப்பாட்டுல டீமில் இருந்த ஒரு அம்மா (வயசு அம்பத்தஞ்சு இருக்கும்) எந்த ஊர் என்று கேட்டார். வழக்கம்போல "சௌத் இந்தியா, சென்னையிலிருந்து முன்னூறு கிலோமீட்டர், கடலோரம்" என்று இழுத்தேன். விடாமல் மேப்பைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். காரைக்காலுக்குக் கொஞ்சம் வடக்கே விரலை வைத்து, "அட, ட்ராங்கேபார் பக்கமா நீங்க!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரங்கம்பாடி! எங்க வீட்டு வாசல்ல பைக்கை எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அந்த அம்மா பக்கத்து ஊரான ஹாலேயில் படித்தவராம். அவர் படித்த பள்ளிக்கூட வளாகத்திலிருந்துதான் முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்ப்பக்கம் ஆளுங்க கிளம்பி வந்தாங்களாம். "அவங்க கட்டின சர்ச் இன்னும் இருக்கில்ல? உள்ளே எப்படி இருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டார்.

எப்படி இருக்கும்னா... எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தெட்டு வயசு வரைக்கும் அந்த வாசலைத் தாண்டி இருநூறு தடவை போயிருப்பேன். கடற்கரைக்குப் போவோம், டேனிஷ் கோட்டைக்குப் போவோம், நண்டு வறுவல் சாப்பிடுவோம், செல்ஃபி எடுப்போம், வருவோம். கோயிலுக்குள்ள ஒரு தடவை கூட நுழைஞ்சதில்லை. "பழைய சர்ச், நல்லா இருக்கும்" என்று வழிஞ்சு வைத்தேன்.

அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான். அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறி ஹாலே போயிட்டேன். அரை மணி நேரப் பயணம்.

கதையைச் சுருக்கமாச் சொல்றேன். எங்க பக்கத்துக் கடலோரத்துல ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள்ள மூணு வெள்ளைக்கார தேசம் கடை போட்டிருந்தது. நாகப்பட்டினத்துல டச்சு, காரைக்கால்ல பிரெஞ்சு, தரங்கம்பாடியில டேனிஷ். இதுல டேனிஷ்காரங்கதான் சீனியர். 1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய இடம். 1845ல் பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

வியாபாரம் செய்யத்தானே வந்தார்கள்? ஆனால் டென்மார்க் ராஜா நாலாம் ஃப்ரெடெரிக், தன் குடியிருப்புக்குப் போதகர்களையும் அனுப்பணும்னு நினைச்சார். அதற்கு ஆள் கிடைத்தது ஜெர்மனியில், ஹாலேயோடு தொடர்புடைய பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் ப்ளூட்சௌ என்ற ரெண்டு பேர். ராஜா டேனிஷ், போதகர்கள் ஜெர்மன், ஊரு தமிழ். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அடுத்த நாள் சீகன்பால்குக்கு இருபத்து நாலாவது பிறந்த நாள். கேக் வெட்ட யாரும் காத்திருக்கவில்லை. அங்கே இருந்த டேனிஷ் அதிகாரிக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தார். பகை முற்றி, 1708 கடைசியில் சீகன்பால்கைப் பிடித்துக் கோட்டையிலேயே நாலு மாசம் அடைச்சு வச்சார். நாங்க செல்ஃபி எடுக்கிற அதே டான்ஸ்போர்க் கோட்டை.

எனக்கு இதுல பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. வந்தவருக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அழகப்பன் என்று பல மொழி தெரிந்த ஒருவர் துபாஷியாகக் கூட இருந்து பேசப் பழக்கினார். ஒரே வருஷத்துக்குள் தமிழில் பிரசங்கம் செய்யும் அளவுக்கு வந்துவிட்டார்.

இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. ஏன்னா அந்த மாசம்தான் நான் ஜெர்மன் மொழித் தேர்வுல ரெண்டாவது தடவையா ஊத்திக்கிட்டேன். ஆப் இருக்கு, யூடியூப் இருக்கு, ஏசி கிளாஸ் இருக்கு. மேசை ஆம்பளையா, கரண்டி பொம்பளையான்னு இன்னும் குழப்பம். அவருக்கு இருந்தது மணல் மட்டும்தான்.

கத்துக்கிட்டதோட நிறுத்தலை. ஆள் அனுப்பி ஊர் ஊராக ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று 1708லேயே பட்டியல் எழுதி வைத்தார். நாம ஒண்ணாங்கிளாஸ்ல ராகம் போட்டுப் படிச்ச கொன்றை வேந்தனை அதே வருஷம் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அவரும் அவருடன் இருந்த க்ரூண்ட்லரும் தமிழர்களிடம் கேள்வி கேட்டுக் கடிதம் எழுத, வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சடித்தார்கள். மொத்தம் 99 கடிதங்கள். சாமி, சாதி, கல்யாணம், வைத்தியம், வெள்ளைக்காரர்களின் பழக்கவழக்கம் என்று எல்லாவற்றைப் பற்றியும் நம்மாளுங்க பதில் சொல்லியிருக்காங்க. எழுதியவர்கள் பெயர் மட்டும் இல்லை.

எல்லாம் நம்ம மேல உள்ள பாசத்துலயா? இல்லைங்க. அவர் மதம் மாற்றத்தான் வந்தார். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மாற்ற வந்தவர், முதலில் எதிராளி என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டார். 1713ல் நம்ம ஊர் சாமிகளைப் பற்றி, கிராம தேவதைகள் வரைக்கும் விசாரித்து ஒரு பெரிய புத்தகம் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த அவர் குரு ஃப்ராங்கேவுக்குக் கோபம். உன்னை அனுப்பினது அதை ஒழிக்க, ஐரோப்பாவுல பரப்ப இல்லைங்கிற மாதிரி சொல்லி ஓரங்கட்டிட்டார். அது அச்சேறியது 1867ல், நம்ம சென்னையில். 154 வருஷம் தூங்கியிருக்கு! ராத்திரி பகலாக் கண்ணு முழிச்சு எழுதின டாக்குமெண்டை "இது ஸ்கோப்லயே இல்லையே" என்று மேனேஜர் தூக்கிப் போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை 154ஆல் பெருக்கிக் கொள்ளுங்கள்.

அச்சுக்கூடம் வந்த கதையும் உண்டு. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசா இருந்ததால, காகிதம் கட்டுபடியாகாதுன்னு தரங்கம்பாடியிலேயே சின்னதா வார்த்தாங்க. 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுசா அச்சாகி வந்தது. தமிழில் அச்சான முதல் புத்தகம் இதுதான் என்று சிலர் சொல்வார்கள், அது தப்பு. 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது.

ஹாலேயில் பழைய அனாதை இல்லக் கட்டடத்தின் மேல்மாடியில், உலகம் பூராவும் இருந்து வந்த அதிசயப் பொருட்களை வைத்திருக்கும் ஒரு கூடம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னாடி பனையோலை. பழுத்துப் போன நிறம். எங்க கடலோரத்துலேருந்து கப்பல் ஏறிப் போன ஓலை ஹாலேக்காரங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலையேன்னு ரொம்ப நேரம் அங்கேயே நின்னேன். வெளியே வந்து அப்பாவுக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பினேன். எப்பவும் "சூப்பர்" என்று கட்டைவிரல் போடுகிறவர், "ஊருக்கு வா. ஒருநாள் தரங்கம்பாடி போவோம்" என்று எழுதியிருந்தார். எனக்கு ஆச்சரியம். அப்பாவுக்குக் கோயில் குளம்னாலே ஆகாது. அதுலயும் வேதக்கோயில்.

திரும்பி வந்து முதல் ஞாயிறு மத்தியானம் கிளம்பினோம். காரைக்கால்ல டேங்க் ஃபுல் பண்ணிட்டு (நம்ம பெட்ரோல் சீப்புங்க), கோட்டுச்சேரி, பூவம் தாண்டினோம். எல்லை வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒயின்ஷாப் வழியனுப்புது. நண்டலாறு பாலம் ஏறி இறங்கினா தமிழ்நாடு. நான் படிக்கும்போது நாகப்பட்டினம் மாவட்டமா இருந்தது, 2020 டிசம்பர்லேருந்து மயிலாடுதுறை மாவட்டம். அப்புறம் பொறையார். அப்பா படித்த ஊர். அங்கே இருக்கிற பிஷப் மாணிக்கம் லுத்தரன் கல்லூரியில்தான் எண்பதுகளில் பி.எஸ்ஸி. மாணிக்கம்ங்கிறவர் இந்தத் திருச்சபைக்கு 1956ல் வந்த முதல் இந்திய பிஷப்.

தரங்கம்பாடி கோட்டைவாசலுக்குள் நுழைந்து கடலை நோக்கிப் போகும் ராஜ வீதியில்தான் புதிய எருசலேம் ஆலயம். சீகன்பால்க் முதலில் 1707 ஆகஸ்டில் ஒரு சின்னக் கோயில் கட்டினார். அது பத்தவில்லை. 1717ல் இதற்கு அஸ்திவாரம் போட்டு, 1718 அக்டோபர் 11ஆம் தேதி பிரதிஷ்டை செய்தார்கள். முகப்பில் டென்மார்க் ராஜாவோட கிரீடமும் முத்திரையும். மேலே இருந்து பார்த்தா சிலுவை வடிவம். கட்டி முடிச்ச நாலே மாசத்துல, 1719 பிப்ரவரி 23ல், சீகன்பால்க் இறந்து போனார். முப்பத்தாறு வயசு. பீடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் க்ரூண்ட்லரும் அங்கேயே. 2004 சுனாமி இந்த ஊர்ல நூத்துக்கணக்கான உயிரைக் கொண்டு போச்சு. கோயில் நின்னுச்சு.

உள்ளே காலியாக இருந்தது. பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒருவர், "சுத்திப் பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அப்பா வாசற்படியிலேயே நின்னார். நான் ரெண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் செருப்பைக் கழட்டினார்.

நான் ஹாலேயில் படித்ததையெல்லாம் அவரிடம் அவிழ்த்துவிட ஆரம்பித்தேன். இந்தச் சபையில் முதன்முதலாக 1707 மே மாதம் ஞானஸ்நானம் வாங்கிய ஐந்து பேரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். 1733ல் ஆரோன் என்ற தமிழரைக் குருவாக அபிஷேகம் செய்தார்கள். கடலூர்க்காரர், பழைய பெயர் ஆறுமுகம். முதல் தமிழ் லுத்தரன் போதகர். ஆரோன் வெள்ளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர்ப் படையில் இருந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம் சபையை வளர்த்ததே அவர்தான். அவரைக் கடைசிவரை குருவாக்கவில்லை. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். ஆராதனையிலேயே வெள்ளாளர் தனியாக, பறையர் தனியாக, நடுவில் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பா சட்டென்று திரும்பினார். "கோயிலுக்குள்ளயேவா?"

"ஆமாம்ப்பா. இங்கயும்தான்."

அவர் முகத்துல ஒரு நிம்மதி மாதிரி வந்து போச்சு. எனக்கு அது ஏன்னு புரியல. கொஞ்ச நேரம் பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவராகவே சொன்னார்.

காலேஜ்ல அவருக்கு ஒரு கூட்டாளி. பொறையார் ஆளு. பரம்பரை பரம்பரையா இந்தச் சபை. மூணு வருஷம் ஒரே பெஞ்ச். மழைக்காலத்துல பஸ் நின்னுட்டா அப்பா ராத்தங்குறது அவர் வீட்டுலதான். இதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாது. 1991ல் அவருக்குக் கல்யாணம், இதே கோயிலில். பத்திரிகை கொடுக்க விழிதியூர் வீட்டுக்கே வந்திருக்கிறார். தாத்தா வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். அப்புறம் அப்பாவிடம், "போறதுன்னா போ. அங்க கை நனைக்காத" என்றாராம்.

"நான் போனேன்டா. இந்த வாசல்லதான் நின்னேன். உள்ள வரல. பொண்ணு மாப்பிள்ளை வெளிய வந்ததும் மொய்க் கவரைக் கொடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டேன். சாப்பிட்டுப் போடான்னு கையைப் பிடிச்சான். நான் அவன் வீட்டுல எத்தனையோ தடவை சாப்பிட்டவன். அன்னிக்கு அப்பா பேச்சு காதுல இருந்துச்சு, ஊர்க்காரன் ரெண்டு பேரு வேற அங்க நின்னான். கையை உருவிக்கிட்டேன். அவனுக்குப் புரிஞ்சுபோச்சு."

அப்புறம் கடிதம் குறைந்தது, நின்றது. 2021ல் கொரோனா ரெண்டாவது அலையில் அந்தக் கூட்டாளி இறந்துவிட்டார். அப்பாவுக்கு நாலு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சிருக்கு.

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "இங்க உள்ளயே அப்படித்தானே இருந்திருக்குப்பா..." என்று இழுத்தேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"நீ சொன்னப்ப எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார். "அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா அது இல்லடா. அவங்க பண்ணினது அவங்க கணக்கு. நான் பண்ணினது என் கணக்கு."

அதுக்கு மேல நான் வரலாறு எதுவும் பேசல. முதல் உலகப் போர்ல ஜெர்மன்காரங்களை பிரிட்டிஷ்காரன் வெளியேத்தினது, ஸ்வீடன்காரங்க கை கொடுத்தது, 1919ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைன்னு நம்மாளுங்களோட தனித் திருச்சபையா ஆனது, எல்லாம் மனசுக்குள்ளேயே நின்னுடுச்சு. ஜெர்மன்காரன் கட்டின கோயில்னு நாம சுலபமாச் சொல்லிடறோம். மூணு வருஷம் அப்பாவோட ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவரோட கோயில் இது. எனக்கு ஹாலே போய்த்தான் இதைத் தேடத் தோணுச்சு. அப்பாவுக்கு இந்த வாசப்படி ஏற முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். பொறையார் கடைத்தெருவில் "லெஃப்ட்ல திரும்பு" என்றார். ரெண்டு தெரு. யாரையும் கேட்காமல் வழி சொன்னார். ஓட்டு வீடு மாடி வீடாகியிருந்தது. அந்த அம்மா வெளியே வந்து கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்பா பேரைச் சொன்னதும், "விழிதியூர் அண்ணனா? உங்களைப் பத்திச் சொல்லுவாங்களே. வாங்கண்ணே, உள்ள வாங்க தம்பி" என்றார்கள்.

மணி நாலு. டீ போடப் போனாங்க. அப்பா எழுந்து சமையலறை வாசல்ல நின்னு, தொண்டையைச் செருமிக்கிட்டு, "டீ வேணாம் தங்கச்சி. மத்தியானம் வச்ச சோறு ஏதாவது இருந்தா போடேன்" என்றார்.

நாங்க ரெண்டு பேரும் பன்னெண்டு மணிக்கே வீட்டுல மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டுதான் கிளம்பியிருந்தோம். அந்த அம்மா ஒரு நிமிஷம் அப்பாவையே பார்த்தாங்க. எதுவும் கேட்கல. ஆறிப்போன சோறு, மீன் குழம்பு, ஒரு அப்பளம். கீழே பாய் போட்டாங்க. சுவரில் மாலை போட்ட படம். அப்பா அதைப் பார்க்காமலேயே சாப்பிட்டார். மறுசோறு கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடிச்சப்புறமும் கையைக் கழுவ எழுந்திருக்கல. கை காயற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.